மூன்றாவது விரல்

"ஆ!" என்றார் உத்திராபதி.

ஊசி அப்போதுதான் உறையைவிட்டு வெளியே வந்திருந்தது. அவருடைய விரலுக்கும் அதற்கும் இடையில் இன்னும் அரையடி தூரம் கிடந்தது. ஆனால் வெண்கரட்டுச் சந்தை வாசலில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் கையையெல்லாம் காலையிலிருந்து குத்திக்கொண்டிருந்த சுகாதார ஊழியர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. சத்தம் வந்தால் உணர்ச்சி இருக்கிறது, உணர்ச்சி இருந்தால் கல்லாகும் நோய் இல்லை. மணிக்கட்டில் நீல முத்திரையைக் குத்தி, "போங்க, அடுத்த ஆளு" என்றார்.

முன்கூட்டியே கத்துவது உத்திராபதிக்குத் தொழில் பழக்கம். மாட்டுக்காரன் விலை சொல்ல வாயைத் திறக்கும்போதே "அய்யய்யோ, அவ்வளவா!" என்று நெஞ்சில் கைவைத்துக்கொள்கிற தரகர் அவர். விலையைக் கேட்ட பிறகு அதிர்ச்சி அடைகிறவன் வியாபாரத்துக்கு லாயக்கில்லாதவன். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் கொஞ்ச நாளாக மரத்துப்போயிருந்தன என்பது உண்மைதான். டீ கிளாஸைப் பிடித்தால் சூடு தெரிவதில்லை. அதற்கென்ன, உடம்பில் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரைக்காரனுக்கு விரல் மரக்காமல் வேறு எவனுக்கு மரக்கும்? இந்த விளக்கத்தை அவர் தன்னிடமே விற்று, தானே வாங்கியும் கொண்டார். அவர் வாழ்நாளில் பேரமே இல்லாமல் படிந்த ஒரே வியாபாரம் அதுதான்.

சந்தைக்குள் நுழைந்தார். ஒரு காலத்தில் அரியலூர்ப் பக்கத்து மாடுகள் எல்லாம் இங்கேதான் கைமாறும். வியாழக்கிழமை என்றால் சாணியில் கால் வைக்காமல் நடக்க முடியாது. இன்று தரை கழுவிவிட்டதுபோல் கிடந்தது. கிழக்கு மூலையில் ஒரே ஒரு காளை மட்டும் நின்றது. அது நின்று ஐந்தாறு மாதம் ஆகிறது. தலையைத் தாழ்த்தி, முன்னங்காலை மடிக்கப் போகிற பாவனையில், திமில் முதல் வால் வரை சாம்பல் நிறக் கல். கட்டிய கயிறு மக்கிப் போயிருந்தது, மாடு மக்கவில்லை.

பழைய எடைமேடைக் கொட்டகையில் கால்நடை டாக்டர் பிலோமினா காத்திருந்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, முகத்தில் கண்ணாடி மூடி. ஒரு வருடத்தில் இந்த ஜில்லாவின் மாடுகளையெல்லாம் ஒவ்வொன்றாக வழியனுப்பி வைத்தவள்.

"கையுறை போட்டுட்டீங்களா ஐயா?"

"போட்டாச்சும்மா. சம்பந்தம் பேசப் போற மாதிரி இருக்கு."

"விளையாடாதீங்க. உங்க மச்சான் வருவாருல்ல?"

"வருவான். எங்கிட்ட பேச மாட்டான், ஆனா வருவான்."

மச்சான் என்றது கலியபெருமாளை. உத்திராபதியின் மனைவி தனபாக்கியத்தின் தம்பி, அவரும் தரகர்தான். சந்தையில் இருவரும் எதிரெதிர்க் கட்சி, வீட்டில் ஒரே பந்தி. போன வருடம் வரைக்கும் அப்படி. அதன்பிறகு கலியபெருமாள் அப்போதுதான் சினை பிடித்திருந்த தன் ஒற்றைப் பசுவையும் ஒற்றை மகள் சுகுணாவையும் கூட்டிக்கொண்டு, கைவிடப்பட்ட சுண்ணாம்புக் குழி ஒன்றுக்குள் இறங்கிக் கொட்டகை போட்டுக்கொண்டார். தண்ணீர், தீவனம், மனிதர் எதையும் வெளியிலிருந்து அண்டவிடவில்லை. அதனால்தான் அந்தப் பசு இன்னும் மாடாக இருந்தது.

"லாரி நிக்குது. சாயங்காலத்துக்குள்ள துறைமுகம் போகணும், அங்கேருந்து கப்பல்" என்றாள் பிலோமினா. "கிருமி போகாத தீவுப் பண்ணைக்கு இதுதான் கடைசிப் பயணம். அவரு என்ன கேட்டாலும் சரின்னு சொல்லுங்க. லாரியில ஆளுக்கு இடம் மட்டும் கேக்கக் கூடாது. ஒரு ஆளுதான் போக முடியும், அது எங்க உதவியாளர்."

"ஏம்மா, தீவுலதான் மாடு இருக்குதே. ஒண்ணு கூடினா என்னா, கொறைஞ்சா என்னா?"

"இருக்கறதெல்லாம் ஒரே பண்ணையில பிறந்த அக்கா தங்கச்சிங்க. ஒரு நோய் வந்தா மொத்தமா படுத்துக்கும். வேற ரத்தம் வேணும்." அவள் மூலையில் நின்ற கல்காளையைப் பார்த்தாள். "ஒரு இனம் அழியறது கடைசி மாடு சாகிற அன்னிக்குன்னு நினைக்கிறோம். அப்படி இல்லீங்க. ரெண்டு மூணாக முடியாமப் போகுது பாருங்க, அன்னிக்கே கதை முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் உசுரோட நிக்கறதெல்லாம் சும்மா மிச்சம்."

உத்திராபதி காலடியில் கிடந்த கல்லைச் செருப்பால் புரட்டினார். சுருள் சுருளாக நத்தை வடிவம். இந்தப் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் வரும்.

"இதுவும் அந்தக் கிருமி பட்டுக் கல்லானதுதானா?"

"இது செத்த பிறகு ஆனதுங்க. இங்க கடல் இருந்தப்ப செத்து அடியில விழுந்துது. உடனே சேறு மூடிக்கிச்சு, காத்துப் படல, அழுகல. தண்ணியில கரைஞ்சிருந்த சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமா அது எடத்துல வந்து உட்கார்ந்துக்கிச்சு. கோடிக்கணக்குல செத்ததுல ஏதோ ஒண்ணுக்குத்தான் அந்த யோகம். அதுலயும் சதை நிக்காது, தோலு நிக்காது. கெட்டியா இருந்தது மட்டும்தான் நிக்கும். லட்சம் வருஷத்து வேலை." அவள் குரல் வறண்டது. "குவாரிப் புழுதி பறக்கக் கூடாதுன்னு ஒரு கம்பெனி கிருமி தயார் பண்ணித் தெளிச்சுதே, அது யூரியாவைத் தின்னுட்டு சுண்ணாம்பைக் கக்கும். புழுதி நல்லாத்தான் இறுகுச்சு. மாட்டு மூத்திரத்துல, எச்சில்ல, ரத்தத்துலகூட யூரியா இருக்குன்னு யாரும் யோசிக்கல. அந்த லட்சம் வருஷ வேலையை இது நாப்பது நாள்ல முடிக்குது. சாகற வரைக்கும்கூடக் காத்திருக்கறதில்ல."

"எங்க ஆளுங்களும் காத்திருக்கல" என்றார் உத்திராபதி.

அவர் சொன்னதில் பொய் இல்லை. கிருமி தானாக நடந்து போய் ஒரு நாட்டின் மாடுகளை அழித்துவிடவில்லை. அதற்கு வண்டி பிடித்துக் கொடுத்தது இந்தச் சந்தைதான். மாட்டு பேரம் வாயால் நடப்பதில்லை. தோளில் கிடக்கும் துண்டை விரித்து, வாங்குகிற தரகரும் விற்கிற தரகரும் அதற்குள் வலக்கையை விட்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசுவார்கள். விரல்களே எண்கள். ஐந்து விரலையும் சேர்த்து அழுத்தினால் முடிந்தது என்று அர்த்தம். இடக்கையை உள்ளே விடுவது கிடையாது. விட்டால் மாடு தங்காது என்பார்கள். துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்வது அதைவிடப் பெரிய பாவம். பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது. அப்படியாக, முதல் மாட்டின் நாக்கு இறுகத் தொடங்கியபோது, துண்டுக்குள் விலை இறங்கியது. ஏன் இறங்கியது என்று அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். வாங்கியவன் அடுத்த சந்தைக்கு ஓட்டிப்போய், இன்னொரு துண்டுக்குள் தள்ளிவிட்டான். எல்லாரும் கெட்டிக்காரர்கள். தன் தலையில் விடியாமல் பார்த்துக்கொண்டார்கள். அப்படியே மேற்கே போய், மலை தாண்டி, வடக்கே ஏறி, திரும்பிப் பார்த்தபோது விற்பதற்கும் வாங்குவதற்கும் மாடு இல்லை.

உத்திராபதியும் ஒரு மாட்டை அடிமாட்டு விலைக்குப் பிடித்து வீட்டுக்கு ஓட்டிவந்தார். நல்ல கறவை, கொடுத்தவன் ஏமாளி என்று பெருமையடித்துக்கொண்டார். அதைக் கறந்தவள் தனபாக்கியம். கல் அவள் விரல்களில் தொடங்கி, தோள் வழியாக மூச்சுக்கு வந்தது. "சுகுணாவ மட்டும் எப்படியாச்சும் இங்கேருந்து அனுப்பிடுங்க" என்று கடைசியாகச் சொன்னாள். அனுப்ப வழியில்லை. ஜில்லாவைச் சுற்றி வேலி போட்டாகிவிட்டது. உள்ளே இருப்பவன் உள்ளேயே. கலியபெருமாள் அக்காளின் சாவுக்கு வந்தார், அத்தானின் முகத்தில் விழிக்கவில்லை, திரும்பிப் போய்க் குழிக்குள் இறங்கினார்.

இப்போது அவர் வந்தார்.

சந்தை வாசலில் சின்னச் சலசலப்பு. வேலையில்லாத பழைய தரகர்கள் ஏழெட்டுப் பேர், ஒரு மாட்டையாவது கண்ணால் பார்த்துவிடலாம் என்று சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே கலியபெருமாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தார். பின்னால் செவலைப் பசு, எட்டு மாதச் சினை, வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி, ஆடி ஆடி வந்தது. கிழவர்களில் ஒருவர் அழுதேவிட்டார். சுகுணா கயிற்றுத் தடுப்புக்கு அப்பால் நின்றுகொண்டாள். இருபத்திரண்டு வயது. தோளில் ஒரு பை, அது உப்பியிருந்த விதத்திலேயே தெரிந்தது, சந்தைக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவளின் பை இல்லை என்று.

உத்திராபதிக்கு விலை அப்போதே புரிந்துவிட்டது.

"மாப்ள" என்று கூப்பிட்டார்.

கலியபெருமாள் அவரைப் பார்க்காமல் பசுவைப் பார்த்துச் சொன்னார். "பேசறதுக்கு வரல. துண்டப் போடச் சொல்லு."

"நான்தான் போடணும். வேற யாரு இருக்கா?"

"அப்ப போடு. கையில என்னா அது, பிரசவம் பாக்க வந்தியா? அத வச்சிக்கிட்டு என்னா பேசுவ?"

கையுறையோடு பேரம் பேச முடியாதுதான். மூடிய வாயால் சங்கு ஊதுகிற மாதிரி இருக்கும். உத்திராபதி வலக்கையின் உறையை உருவிப் பையில் திணித்தார். கொட்டகையிலிருந்து பிலோமினா ஏதோ கத்தினாள். முகமூடிக்குள் பாதி சத்தம் அடங்கிப்போனது. மணிக்கட்டில்தான் நீல முத்திரை இருக்கிறதே.

அடுத்து நடந்ததை அவர் யோசித்துச் செய்யவில்லை. நாற்பது வருடமாக எந்த மாட்டுக்கு முன்னால் நின்றாலும் அந்தக் கை முதலில் எங்கே போகுமோ அங்கே போனது. பசுவின் மூக்கணாங்கயிற்றை இடக்கையால் தூக்கி, வலக்கை விரல்களை உதட்டோரமாக உள்ளே நுழைத்து, வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். ஆறு பல். ஈறு ரோஜா நிறம். நாக்கு ஈரமாக, சூடாக, விரல்களைச் சுற்றி நக்கியது. அந்தப் பதமான நாக்கிலிருந்து கையை எடுக்க அவருக்குச் சற்று நேரமாயிற்று. எச்சில் பட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பல்லு பாத்தாத்தான் வாங்குவியோ? தீவுல போயி கல்யாணமா பண்ணப் போறாங்க அதுக்கு?" என்றார் கலியபெருமாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அத்தானிடம் பேசிய முதல் கிண்டல். உத்திராபதிக்கு அது மல்லிகைப்பூ மாதிரி இருந்தது.

துண்டை விரித்தார். இரண்டு கைகளும் உள்ளே போயின.

கலியபெருமாள் அவருடைய சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார். இரண்டு. கண் ஒரு முறை பசுவின்மேல் போனது, ஒரு முறை தடுப்புக்கு அப்பால் நின்ற மகள்மேல் போனது. இரண்டு உயிர். சேர்ந்து போனால் போகும், இல்லாவிட்டால் எதுவும் போகாது.

உத்திராபதி ஒரு விரலை மடக்கினார். ஒன்றுதான், லாரியில் ஆளுக்கு இடமில்லை.

மறுபடியும் இரண்டு. இந்த முறை இழுப்பில் கெஞ்சல் இருந்தது. வெளியே முகம் கல்லுமாதிரி. துண்டுக்குள் மச்சானின் கை பிடியை விடவில்லை. உத்திராபதி கொட்டகைப் பக்கம் பார்த்தார். டாக்டரிடம் என்ன சொல்லிச் சமாளிப்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தனபாக்கியம் கேட்ட ஒரே பொருள் இது. ஐந்து விரலையும் மச்சானின் கையோடு சேர்த்து இறுக்கி அழுத்தினார். முடிந்தது.

அழுத்திய பிடிக்குள் ஏதோ கெட்டியாக இருந்தது.

பத்து விரல் கலந்துகிடக்கிற இருட்டு. அதற்குள் எலும்பைவிடக் கெட்டியாக ஒன்று, குளிர்ந்து கிடந்தது. உத்திராபதி தொழில் முறையை மீறி, உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"மாப்ள, எத்தன நாளா?"

"என்னா எத்தன நாளா?"

"மறைக்காதடா. கல்லு."

கலியபெருமாள் முதன்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மாமா, அத நான் ஒன்னயக் கேக்கணும்."

"எங்கிட்டயேவா? ஒன் விரலு..."

"நடுவிரல இப்பக் கிள்ளுறேன். தெரியுதா பாரு."

உத்திராபதி காத்திருந்தார். "சரி, கிள்ளு."

"கிள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்."

பசு பெருமூச்சு விட்டது. அதன் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி, உத்திராபதியின் காலருகே புழுதியில் சொட்டியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். அந்த வாய்க்குள் எந்தக் கை போய்வந்தது என்று இருவருக்குமே தெரியும். ஏழு மாதமாகக் காற்றைக்கூட வடிகட்டிக் கொடுத்து வளர்த்த மாடு. அதைக் காப்பாற்ற வந்தவர் பல் பார்த்துவிட்டார்.

கலியபெருமாள்தான் முதலில் தேறினார். தரகன் தரகன்தான். துண்டுக்குள் பிடியை விடாமல், அடித்தொண்டையில் பேரத்தைத் தொடங்கினார்.

"நீ சொல்லாத. நானும் சொல்லல. துண்டுக்குள்ளாற நடந்தது. லாரி போயிரும், பாப்பா போயிரும்."

"மாடு?"

"ஒருக்கா தொட்டதுல ஒட்டிருமா? ஒட்டாமயும் போவலாம்ல."

ஒட்டாமலும் போகலாம். இந்தச் சந்தையில் போன வருடம் கைமாறிய ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் தொங்கிய மணி அதுதான். அந்த ஒரு வார்த்தையை நம்பி எத்தனை பேர் தங்கள் தங்கள் பங்கை அடுத்தவன் தலையில் கட்டினார்கள். உத்திராபதியும் அதைச் சொல்லித்தான் அந்தக் கறவையை ஓட்டிவந்தார்.

"தீவுல போயி இத யாரு கறப்பா மாப்ள?"

கலியபெருமாள் தடுப்புப் பக்கம் பார்த்தார்.

"பாப்பாதான கறக்கும்? ஒங்கக்கா கறந்த மாதிரி?"

"அப்ப எம்புள்ள இங்கயே கெடந்து சாவட்டும்கிறியா?" கலியபெருமாளின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முகத்தசை மட்டும் இன்னும் பேரம் பேசுகிறவன் முகமாகவே இருந்தது. "மாமா, கால்ல வுழுறேன். அக்காவக் கொன்ன. இதயாச்சும் வுட்டுரு. வாயத் தொறக்காத. ஒன்னயக் கும்புட்டுக்கிறேன்."

உத்திராபதி சுகுணாவைப் பார்த்தார். அவள் தடுப்புக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பேரம் படிந்ததா என்று அவர்கள் தோள்களின் அசைவிலிருந்து படிக்கப் பார்த்தாள். தரகன் மகள், அவளுக்கு அது தெரியும். லாரி ஓட்டுநர் எஞ்சினை ஒரு தடவை உறுமவிட்டார்.

உத்திராபதி இடக்கையால் துண்டின் முனையைப் பிடித்து உருவினார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த கிழவர்கள் எல்லாரும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், யாரோ நடுச்சந்தையில் வேட்டியை அவிழ்த்துவிட்ட மாதிரி. பேரம் நடக்கும்போது துண்டு விலகி அவர்கள் யாரும் பார்த்ததில்லை. வெயிலில் இரண்டு கைகள் கோத்துக்கிடந்தன. பார்வைக்கு ஒன்றுமில்லை, இரண்டு வயசான கைகள்.

"அம்மா!" என்று கத்தினார் உத்திராபதி. குரல் உடைந்தது. "டாக்டரம்மா! என் கை கல்லு! இந்தக் கையாலதான் மாட்டு வாயத் தொறந்தேன்! லாரியில ஏத்தாதீங்க!"

அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. கலியபெருமாள் அவர்மேல் பாய்ந்தார். வெள்ளை அங்கிக்காரர்கள் நடுவில் புகுந்து கழியால் இருவரையும் விலக்கினார்கள். பிலோமினா ஓடிவந்து ஊசியை உத்திராபதியின் நடுவிரலில் குத்தினாள். பாதி ஊசி வளைந்தது.

"காலையில கத்தினீங்களே! வாசல்ல கத்தினீங்கன்னுதான உள்ளே விட்டாங்க!"

"ஊசி வர்றதுக்கு முன்னாடியே கத்திட்டேம்மா."

அவள் அவரை அடிக்கக் கையை ஓங்கினாள். கை அப்படியே நின்றது. பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடி மூடிக்குள் அவள் உதடு என்னவோ கணக்குப் போட்டது.

"எப்ப தொட்டீங்க? இப்பத்தானே? வாயிலதான? பொண்ணு மாட்டைத் தொட்டுச்சா?"

"காலையிலேருந்து தொடல" என்றார் கலியபெருமாள், தரையில் உட்கார்ந்தபடி. "இவனுக்கு அப்புறம் எவனும் தொடல."

"கிருமி ரத்தத்துல ஏற ஒரு பொழுதாவது ஆகும். கருப்பைக்கு இன்னும் போயிருக்காது." அவள் யாரிடமும் பேசவில்லை, தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள். "எட்டு மாசம். குறைமாசம்தான். எடுத்துடலாம். தாயி நிக்காது."

"அப்படின்னா?" என்றார் கலியபெருமாள்.

அவள் அவருக்கு முன்னால் குந்தினாள். "கன்னை இப்பவே வயித்தைக் கிழிச்சு எடுக்கணும். தாயில்லாத குறைமாசக் கன்னு. எங்க உதவியாளருக்கு ஊசி போடத் தெரியும், பால் புகட்டத் தெரியாது. உங்க பொண்ணுக்குத் தெரியுமா? தெரியும்னா அவருக்குப் பதிலா அதுவே போகட்டும்."

கலியபெருமாள் தெரியும் என்று தலையை ஆட்டினார். பிறகு எழுந்து பசுவிடம் போனார். யாரும் தடுக்கவில்லை. இனித் தடுப்பதற்கு என்ன இருக்கிறது? நெற்றியோடு நெற்றி வைத்து நின்றார். பிலோமினா கழுத்தில் ஊசியைப் போட்டாள். செவலை முதலில் முன்னங்காலை மடித்தது, மூலையில் நின்ற கல்காளை செய்யப் பார்த்து முடிக்காமல் விட்ட அதே காரியத்தை, முழுதாகச் செய்து முடித்தது.

உத்திராபதியைத் தடுப்புக்கு வெகுதூரத்தில் நிறுத்திவைத்திருந்தார்கள். தார்ப்பாய்க்குப் பின்னால் வெள்ளை அங்கிகள் குனிந்தன, நிமிர்ந்தன. ஆயிரக்கணக்கான மாடுகளை வாய் திறந்து பார்த்தவரால், அன்று ஒரு கன்றின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. ஈரமான ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு யாரோ லாரிக்கு ஓடினார்கள். பின்னாலேயே சுகுணா ஓடினாள். அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமாவைப் பார்க்கவில்லை.

"காளையா? கிடேரியா?" என்று உத்திராபதி கத்தினார். "உசுரு இருக்கா? யாராச்சும் சொல்லுங்கய்யா!"

லாரி கிளப்பிய புழுதிதான் பதில்.

குவாரியின் பழைய சாக்குக் கிடங்கில் இருவரையும் அடைத்தார்கள். ஒருவர் நோயாளி, மற்றவர் அவர் கையைப் பிடித்தவர். எதிரெதிர்ச் சுவரில் இரண்டு கயிற்றுக் கட்டில். கலியபெருமாள் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட அத்தான் பக்கம் காலால் தள்ளிவிடுவார். வாரங்கள் போயின. உத்திராபதியின் வலக்கை மணிக்கட்டுவரை கெட்டியாகி, முழங்கையை நோக்கி ஏறியது. விரல்கள் பாதி மடங்கிய நிலையில் நின்றுவிட்டன, அன்றைக்கு மச்சானின் கையை அழுத்தியிருந்த அதே வடிவத்தில். உள்ளே யாருடைய கையோ இருந்து நழுவிப்போன மாதிரி ஒரு இடைவெளி. கலியபெருமாள் தன் கட்டைவிரலை அடிக்கடி வாயில் வைத்துக் கடித்துப் பார்ப்பதையும் அவர் கவனித்தார். கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே வெள்ளை அங்கி தெரிந்தது. பிலோமினா கலியபெருமாளைக் கூப்பிட்டு, கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஏதோ சொன்னாள். உத்திராபதி கட்டிலிலிருந்து எழுவதற்குள், கல்லான கை ஒரு பக்கமாக இழுக்க, அவள் போய்விட்டாள்.

"என்னா சொன்னாங்க மாப்ள?"

கலியபெருமாள் தன் கட்டிலுக்குத் திரும்பிப் போனார்.

"தீவுலேருந்து சேதியா?"

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வெளியே காற்று சுண்ணாம்புப் பொடியை ஜன்னலில் தேய்த்தது. பிறகு பேசினார், சுவரிடம்.

"நம்மளப் பொதைப்பானுங்க. இந்தக் குழிச் சேத்துலதான். கோடி வருஷம் கழிச்சு எவனாச்சும் தோண்டுவான். ஒன் கையப் பாத்துட்டு என்னா நெனப்பான்?"

"என்னா நெனப்பான்?"

"எவனையோ ஆசையா கையப் புடிச்சிக்கிட்டு செத்துருக்கான், ரொம்பப் பாசக்காரன்னு எழுதி வப்பான். துண்டு மக்கிப்போயிருக்கும்ல. திருட்டுப் பய, வாயத் தொறந்து மாட்டக் கொன்னவன்னு கல்லுல இருக்காது."

"இருக்காதுதான்" என்றார் உத்திராபதி.

"ஒனக்கு எப்பவும் லாபம்தான்யா."

அவர் எழுந்து வந்தார். தோளில் கிடந்த அழுக்குத் துண்டை உதறி, அத்தானின் மடியில் விரித்து, தன் கையை உள்ளே விட்டார். உத்திராபதி பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு மேலே அசைந்தது. கலியபெருமாளின் விரல்கள் அந்தக் கல்லைப் பிடித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு கல்லிடம் சொல்லிக்கொண்டிருந்தன. உத்திராபதிக்குத் துளியும் தெரியவில்லை. சேதி வந்து வாசலில் நிற்கிறது. வீட்டில் ஆள் இல்லை.

"மாப்ள, வாயால சொல்லேன்."

"மாட்டேன். துண்டுக்குள்ளதான். நம்ம முப்பது வருஷ மொற."

உத்திராபதிக்கு இது தண்டனை என்று புரிந்தது. நியாயமான தண்டனை என்றும் தெரிந்தது. ஆனால் தெரிந்துகொள்ளாமல் கல்லாக அவரால் முடியாது. உடம்பில் இன்னும் சதையாக மிச்சமிருந்த இடக்கையைத் தூக்கினார். அதைத் துண்டுக்குள் விடுவது கிடையாது; விட்டால் மாடு தங்காது. விட்டார்.

கலியபெருமாளின் கை நின்றது. பிறகு மெல்லத் தேடிவந்து, உயிருள்ள விரல்களைத் தொட்டது. அதன் கட்டைவிரல் குளிர்ந்து, கூழாங்கல் மாதிரி இருந்தது. மற்ற விரல்கள் சூடாகத்தான் இருந்தன. அவை உத்திராபதியின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பிடித்து, ஒரு முறை இழுத்தன.

இரண்டு.

பொண்ணும் கன்றும். சேர்ந்துதான். உத்திராபதி மச்சானின் கண்ணைப் பார்த்தார்; அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார், விலை படிந்த பிறகு தரகர்கள் பார்ப்பதுபோல.

"கிடேரியா?" என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. வாயால் கேட்டால் பதில் வராது. அதற்குப் பதிலாக, பழக்கம் விடாமல், துண்டுக்குள் மோதிர விரலை நிமிர்த்தி, மச்சானின் பிடிக்குள் மெல்ல நுழைத்தார்.

மூன்று.

"ஆசையப் பாரு" என்று கலியபெருமாள் முனகினார். "குடுத்ததுக்கு மேல கேக்காம ஒனக்குத் தூக்கம் வராதே."

ஆனால் அந்த விரலைத் தள்ளிவிடவில்லை. சரியென்று அழுத்தவும் இல்லை. தீவில் ஒரு கன்று வளர்ந்து, பருவம் வந்து, சினை பிடிக்கிறவரைக்கும் யாரும் சொல்ல முடியாத விலை அது. மூன்று விரலையும் அப்படியே பிடித்துக்கொண்டு, துண்டை விலக்காமல், இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.